நடுப்பகலில் சுடும் பணிஸ்

எங்கள் றிஸானா சாச்சி எல்லாவற்றுக்கும் பயந்தவர். தவளைக்குப் பயம், இடிக்குப் பயம், போனில் தெரியாத நம்பர் வந்தால் அதற்கும் பயம். இதெல்லாம் சில்லறை. பெரிய பயம் யானைக்கு. போன மாரியில் ஒன்று வந்து, உள்ளே இருந்த நெல்லுக்காகக் சமையல் குசினிச் சுவரைத் தள்ளிவிட்டுப் போனது. அன்றிலிருந்து சாச்சி நடுப்பகலில் மட்டும்தான் பணிஸ் சுடுவார். வெயிலில் யானை காட்டை விட்டு வெளிக்கிடாது என்பது அவருடைய நம்பிக்கை.

கடையில் விற்கிற பன் இல்லை இந்தப் பணிஸ். அவித்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு மசித்து, மாவும் ஈஸ்டும் போட்டுப் பிசைந்து, பொங்கியதும் உருட்டி, அடியிலும் மூடியிலும் தணல் வைத்த பெரிய சட்டிக்குள் வேகவைப்பது. மறுநாளும் பஞ்சுபோல இருக்கும். புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் பழகியது.

"சாச்சி, ஆனைக்கு மூக்கு நீளம். உங்கட பணிஸ் வாசம் ஒட்டுசுட்டான் ஊர் வரைக்கும் போகும்" என்பேன்.

"வாயைக் கழுவுடா, றிஃபாத்."

அன்று அவருடைய சின்ன மகள் றிப்காவுக்குக் காய்ச்சல். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "பணிஸ் எண்டா தின்னுவன்" என்றாள். பாறூக் சாச்சா லொறியோடு வவுனியாவுக்குப் போயிருந்தார். துணைக்கென்று என் உம்மா என்னை அனுப்பியிருந்தார். நல்ல துணை.

பகல் முழுக்க மழை. முற்றத்து அடுப்பை மூட்ட முடியவில்லை. மழை விட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. சாச்சி காட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அடுப்பை மூட்டினார்.

பணிஸ் சிவந்ததும், வாசம் வெளியே போகக்கூடாதென்று தட்டத்தை றிப்கா தூங்கிய அறைக்குள் வைத்து யன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்தினார். அந்த அறையின் பின்சுவர் வெறும் தகரம்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வேலி முறியும் சத்தம் கேட்டது.

"டேய், பகிடி விடாதை."

"நான் உங்களுக்குப் பக்கத்திலதானே நிக்கிறன், சாச்சி."

பிறகு அறைக்குள் தகரம் முனகியது. உள்ளே வளைந்து, டொம் என்று திரும்பியது. யாரோ சாய்ந்து பார்ப்பதுபோல. அதோடு ஒரு நீண்ட மூச்சு.

சாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. "வாசத்தை நானே பிள்ளைக்குப் பக்கத்தில பூட்டி வச்சிட்டனே" என்று முணுமுணுத்தார்.

அவர் அறைக்குள் போனார். தட்டத்தோடு வந்தார். "பிள்ளையை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போ" என்றவர், பக்கக் கதவைத் திறந்து வெளியே இறங்கினார்.

றிப்காவைத் தோளில் போட்டுக்கொண்டு யன்னலால் பார்த்தேன். வீட்டு மூலையில் சாச்சி. அப்பால், நனைந்த மலைபோல அது. தகரத்தில் நெற்றியை வைத்திருந்தது.

சாச்சி முதல் பணிஸை எறிந்தார். அது அவருடைய காலடியிலேயே விழுந்தது. யானை திரும்பியது. அவர் அசையவில்லை. அடுத்ததை "பிஸ்மில்லாஹ்" என்று வேலிப் பக்கம் எறிந்தார். அது தும்பிக்கையால் தடவி எடுத்தது. இன்னொரு பிஸ்மில்லாஹ், இன்னும் தூரம். விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சொல்லி, அதைத் தகரத்திலிருந்து வேலிக்கும், வேலியிலிருந்து காட்டுக்கும் நகர்த்தினார். தட்டம் வெறுமையான பிறகும் அது நின்று மணந்து பார்த்தது. பிறகு போனது.

உள்ளே வந்து நிலத்தில் குந்திவிட்டார். பொத்திய வலக்கை திறக்கவில்லை.

"உம்மா, பணிஸ்?" றிப்கா கண் விழித்திருந்தாள்.

நான் சாச்சியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே ஒன்று, நசுங்கிக் கிடந்தது.

"ஏன் சப்பையா இருக்கு?"

"ஆனைக்குக் குடுக்காம உம்மா உனக்கு ஒளிச்சு வச்சது" என்றேன்.

அவள் தின்றாள். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

முற்றத்தில் தணல் இன்னும் மினுங்கியது. "தண்ணி ஊத்தவேணும்" என்றார் சாச்சி. ஒருவரும் எழும்பவில்லை. பிறகு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வாளியோடு போனோம். யார் யாருடைய கையைப் பிடித்தது என்று கேட்கவேண்டாம்.