மூச்சுப்பிடியாரின் சிவப்பு வண்டி

மருத்துவமனையில் அவருக்கு மூச்சுப்பிடியார் என்று பெயர். எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடமாக, "மூச்ச இழுத்துப் பிடிங்க... ம், விடலாம்" என்பதற்கு மேல் அவர் வாய் திறந்து பேசியதை யாரும் கேட்டதில்லை. பெயர் வைத்தவர்கள் அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கல்யாணமாகி முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். இரண்டு அறை வீட்டில் அவர் ஒரு அறையைத்தான் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஒருநாள், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் தெரு வாய் பிளக்காமல் என்ன செய்யும்? இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டி. அவருடைய மருத்துவமனையோ வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்.

அந்த ஒரு கிலோமீட்டருக்காக அவர் தினமும் காலையில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவார். எக்ஸ்ரே குழாயைக் காலையில் எடுத்த எடுப்பிலேயே முழுச் சக்தியில் இயக்கக் கூடாது, உள்ளே விரிசல் விடும். ஆளில்லாத மேஜையைக் குறைந்த அளவில் மூன்று படம் எடுத்து, குழாயைப் பதமாகச் சூடாக்கிய பிறகுதான் முதல் நோயாளியைக் கூப்பிட வேண்டும். பெரிய படங்கள் எடுத்தால் நடுவில் ஆறவிடவும் வேண்டும். இந்தப் பழக்கத்தால் அவர் கையில் ஒரு குழாய்கூடக் கெட்டதில்லை. குழாய்க்குச் சரியானது எஞ்சினுக்கு மட்டும் எப்படித் தப்பாகும் என்பது அவர் கணக்கு. வாசலில் நின்று, கார் ஜன்னல் வழியே வெப்பம் காட்டும் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார். சொல்லப்போனால் அவருக்கு அந்த வீட்டில் துணை என்று இருந்தது அந்த இருபது நிமிடச் சத்தம்தான்.

இரண்டு வருடத்தில் எஞ்சின் கடகடவென்று தட்டத் தொடங்கியது.

பட்டறை வைத்திருந்தவள் நாற்பது வயதுப் பெண். ஊரே அவளைப் பிஸ்டன் அக்கா என்றது. ஐம்பத்தைந்து வயதில் இவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எண்ணெய் தொட்ட விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார். என்ன வாசனை?"

"பெட்ரோல்."

"ஆயில்ல பெட்ரோலுக்கு என்ன வேல? நின்ன எடத்துலயே உறும விட்டிருக்கீங்க. சூடு முழுசா ஏறவே மாட்டேங்குது, பெட்ரோல் கீழ இறங்கி ஆயிலத் தண்ணியாக்கிடுது. சிலிண்டர் சுவரெல்லாம் கீறிப் போச்சு, பேரிங்கும் காலி."

"நான் அத கொழந்த மாதிரி பாத்துக்கிட்டேன் அக்கா."

"அதான் சார் கெட்டுப்போச்சு. ஒரு நிமிஷம் போதும். அப்புறம் மெதுவா ஓட்டிக்கிட்டே சூடாக்கணும். ஓடறதுக்குப் பொறந்தத நிக்க வெச்சுக் கொஞ்சினா?"

எஞ்சினை முழுதாகத் திரும்பக் கட்ட ஆறு வாரம் ஆகும் என்றாள்.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் மகளின் போன் வந்தது. மருமகன் வேலைக்காக வெளிநாடு போய் நான்கு மாதமாகிறது. இப்போது அவளுக்கும் விசா வந்துவிட்டது. போனால் திரும்பி வர நான்கைந்து வருடமாகும்.

"ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டுவந்து விடறேம்மா" என்றார் அப்பா. "நம்ம வண்டியில."

"நெஜமாவா அப்பா?" என்று அவள் கேட்டதில் சந்தோஷமும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிடுங்களேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிளம்புகிற அன்று காலை ஒன்பது மணிக்கு வண்டி கைக்கு வந்தது. மகள் வீட்டை விட்டு இரண்டரைக்குப் புறப்பட வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். நேரம் இருக்கிறது.

"மொத ஐந்நூறு கிலோமீட்டர் எண்பதத் தாண்டாதீங்க" என்றாள் அக்கா. "ஒரே வேகத்துல போகாம கூட்டிக் கொறச்சுப் போங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பயப்பட வேணாம்."

அவ்வளவுதான் என்றுதான் சொன்னாள். ஆனால் அவ்வளவோடு விட்டால் அவர் மூச்சுப்பிடியார் இல்லையே! ஒரு மணி நேரம் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் ஆறவிட்டார். அக்கா சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டது. லாரிகளும் டப்பா வண்டிகளும் அவரைத் தாண்டிப் போயின. அவருக்கு வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் முறை நிறுத்தியபோது மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, எங்க வந்துட்டீங்க?"

"பாதி தாண்டியாச்சும்மா. வண்டி புதுசு மாதிரி ஓடுது, சத்தமே இல்ல."

"டாக்ஸி சொல்லிடட்டுமா? டைம் ஆகுதேன்னு பாத்தேன்."

"டாக்ஸி எதுக்கு? நான்தான் வந்துக்கிட்டே இருக்கேன்ல."

"சரிப்பா. அப்ப நான் காத்திருக்கேன்."

அதற்குப் பிறகும் இரண்டு முறை நிறுத்தினார். ஓட்டும்போது போன் எடுப்பதில்லை என்பது அவருடைய இன்னொரு ஒழுங்கு. பக்கத்து இருக்கையில் அது நான்கு தடவை அடித்து ஓய்ந்தது. கடைசி முறை நிறுத்தியபோது எஞ்சினைத்தான் தொட்டுப் பார்த்தார், போனை அல்ல.

மகள் வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது மணி மூன்றே முக்கால். கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"நீங்கதான் அப்பாவா? இப்பத்தான், மூணு மணிக்குத்தாங்க பொண்ணு போச்சு. பெட்டி மேலயே உக்காந்திருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் டாக்ஸியக் கூட்டிட்டு வந்து நிறுத்தியும் ஏற மாட்டேன்னுடுச்சு. 'எங்கப்பா வர்றேன்னு சொல்லியிருக்காரு, வந்துடுவாரு'ன்னு ஒரே பிடிவாதம். நாங்கதான் வம்படியா ஏத்திவிட்டோம்."

அவள் தன்னை எதிர்பார்ப்பதே இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா! வந்துட்டீங்களா? வழியில ஒண்ணும் ஆகலியே? பயந்தே போயிட்டேன்."

"ஒண்ணும் ஆகலம்மா. இதோ, இப்பவே ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன். ஒரு மணி நேரந்தானே..."

"நான் கிட்ட வந்துட்டேன்பா. நாலேகாலுக்கு கவுண்டர் மூடிடுவாங்க, எறங்கினதும் உள்ள ஓடணும். உள்ள போயிட்டா வெளிய விட மாட்டாங்க. நீங்க வர வேணாம். இப்பத்தான் சரி பண்ணின எஞ்சின். விரட்டாதீங்கப்பா. பத்திரமா வீட்டுக்குப் போங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. முழு அக்கறையோடுதான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னப்பா, வழியில ரொம்ப டிராஃபிக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "ரொம்ப டிராஃபிக்."