மெதுவாக ஓட்டியதில் படிந்த கரி

வண்டி மந்தாரக்குப்பத்தில் நின்றுபோனது. புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் என் மனைவி படுத்திருந்தாள். அவளுக்கு முதுகெலும்பில் புற்று. உட்கார முடியாது. நல்ல வெயில். சாவியைத் திருப்பினால் வண்டி முக்கும், கரும்புகை விடும், அணைந்துவிடும். லாரிகள் எங்களை ஒட்டிப் போயின. ஒவ்வொரு லாரிக்கும் வண்டி ஆடியது. அவள் கத்தமாட்டாள். மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

எப்படியோ கிளம்பி வீடு வந்தோம். அடுத்த தடவை வழியில் நிற்கக்கூடாது. எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

பழைய பெட்ரோல் கார். அதை வாடகைக்கு ஓட்டித்தான் பிழைத்தோம். அவள் படுத்ததும் வாடகையை விட்டுவிட்டேன். ஆம்புலன்ஸ் வைக்கச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ்காரர் விரட்டுவார். அவளைக் குலுக்கக்கூடாது. நான் நாற்பதைத் தாண்டமாட்டேன். கியரைக் குறைத்தால் வண்டி வெட்டும், அந்த வெட்டு அவள் முதுகில் போய் விழும். அதனால் டாப் கியரிலேயே உருட்டிக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் முறை வரும்வரை இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டிருப்பேன். வண்டியையும் அவளையும் பதமாக வைத்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டம்மாவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். சேலம் ரோட்டில் செராமிக் கம்பெனியை ஒட்டி அவர் பட்டறை. கழற்றிய போல்ட்டுகளைச் சிப்பு போன பீங்கான் கிண்ணங்களில் போட்டுவைப்பார். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இன்ஜின் ஹெட்டைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னாண்ணே, காரு ஓட்டுனீங்களா, கட்டவண்டி ஓட்டுனீங்களா? சூளைக்குள்ள கூட இவ்ளோ கரி இருக்காது."

பிஸ்டன் தலை முழுக்கக் கரி. வால்வு கழுத்திலும் அப்பியிருந்தது. நகத்தால் கீறினேன். வரவில்லை.

"டாப்பு கியர்ல நாப்பதுலயே உருட்டுனா பெட்ரோலு ஒழுங்கா எரியாது. எரியாதது எங்க போவும்? இங்கதான் ஒக்காரும். நிக்க வச்சி ஏசி வேற போட்டிருக்கீங்க. யாருண்ணே ஒங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தது, மாமியாரா?"

"வூட்ல ஒடம்பு சொகமில்ல. முதுகுல நோவு. ஆட்டக்கூடாது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் டீ வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார்.

வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். பிஸ்டனில் இரும்பு வைத்தால் கீறல் விழும் என்று மூங்கில் சிம்பு கொடுத்தார். நானும் உட்கார்ந்து சுரண்டினேன். பழைய பேப்பரில் கரி செதில் செதிலாக விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த போக்குவரத்தெல்லாம் அதில் கிடந்தது. அவள் ஒரு நோவு குறைவாகப் பட்டிருப்பாள், அதற்கு ஈடாக இந்தக் கரி சேர்ந்திருக்கிறது. சேரட்டும் என்றுதான் தோன்றியது.

எல்லாம் மாட்டியபிறகு மெக்கானிக் சொன்னார்.

"ரிங்குல ஒட்டுனதும் சைலன்சர்ல இருக்கறதும் கையால வராதுண்ணே. நல்ல ரோட்டுல மூணாவது கியர்ல வச்சி விரட்டணும். சூட்டுல எரிஞ்சி ஊதிக்கிட்டுப் போயிடும். இல்லாட்டி திரும்பவும் இதே கதிதான். அண்ணி இல்லாதப்ப போயி விரட்டிட்டு வாங்க."

மறுநாளே ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டம்மாவை அதற்கு மேல் உட்காரவைக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"என்னா கோளாறாம்?" என்றாள் அவள்.

"கரி அடச்சிக்கிச்சாம். மெதுவா ஓட்டுனதால. விரட்டி ஓட்டணுமாம்."

சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப என் சீக்கு வண்டிக்கும் ஒட்டிக்கிச்சா?"

"போடி."

மறுநாள் வண்டி எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இனி அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

கடலூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"இனிமே வர வேணாமுன்னாரா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சி. இந்த ரோட்டுக்கு ஒரு கும்பிடு."

வடலூர் தாண்டியதும் ரோடு நேராக இருந்தது.

"இங்க விரட்டுங்க," என்றாள்.

"ஒனக்கு வலிக்கும். நான் அப்புறம் தனியா வந்து விரட்டிக்கிறேன்."

"நீங்களா? நான் போனப்புறம் இந்த வண்டிய நீங்க தொட மாட்டீங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா? மரத்தடியில நிறுத்திட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்துடுவீங்க. நமக்குப் புள்ளையா குட்டியா? இதுதான ஒங்களுக்குச் சோறு போடணும். விரட்டுங்க. நான் இருக்கசொல்லவே பாத்துட்டுப் போறேன்."

மூன்றாவது கியரில் போட்டு மிதித்தேன். இன்ஜின் அலறியது. பின்னால் ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை. அறுபது போனது, எழுபது போனது. ஒரு பள்ளத்தை விட்டு ஒதுங்க முடியவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்திருந்தாள். கண் மூடியிருந்தது. ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. காலை எடுத்தேன்.

"எடுக்காதீங்க," என்றாள்.

மறுபடி மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் புகை வெளுத்தது. பிறகு புகையே இல்லை.

"கருப்பா இன்னும் வருதா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமாதான்."

"அப்ப மெதுவாப் போங்க."

அன்று ராத்திரியும் மறுநாளும் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. தொட்டாலே துடித்தாள். ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. நான் உள்ளே படுத்திருந்தேன். கம்மாபுரத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். பெண் அழைக்க வண்டி வேண்டும் என்றார்.

வண்டி கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இருக்கும்போதே சரிபார்த்துவிட்டுப் போன வண்டி.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.