காசு சுற்றும் புனலுக்கு நான் வைத்த பொட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் நாத்தனார் பெற்றுவிட்டுக் கண்மூடியது. ஐந்தில் எது அந்த ஒன்று என்று வெளியாள் யாரும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எழுத்து எனக்குத் தாமதமாக வந்தது. பேத்தி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளோடு உட்கார்ந்து நானும் எழுதிப் பழகினேன். ஒரு பக்கம் எழுத ஒரு முற்பகல் போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு கொப்பரைக் குடோன் உண்டு. என் வீட்டுக்காரர் வியாபாரத்தை விட்டபிறகு அது பூட்டிக் கிடந்தது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் உரமூட்டை அடுக்க நல்ல வாடகைக்குக் கேட்டார். அதே வாரம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மலையாளத்து அம்மா, ஆனால் தமிழ் நன்றாக வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேரைச் சேர்த்து டிரஸ்ட் ஒன்று வைத்து, பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்க ஓர் அறிவியல் கூடம் அமைக்கப் போவதாகச் சொன்னார். குடோனை வாடகை இல்லாமல் கேட்டார்.

"லாபம் எதிர்பார்க்காத ஸ்தாபனமாக்கும் இது" என்றார்.

"எதிர்பாக்காததுங்களா, வராததுங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் அம்மா" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே குடோனைக் கொடுத்தோம். இரண்டு நிபந்தனை நான் போட்டேன். என்னைக் கமிட்டியில் மெம்பராக வைக்க வேண்டும். வருடா வருடம் அங்கே ஆயுத பூஜை நடப்பது நிற்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனை பத்திரத்தில் ஏறவில்லை. பத்திரத்தில் ஏறாத நிபந்தனைகளை நிறைவேற்றத்தான் நான் இருக்கிறேன்.

வீட்டுக்காரர் போனபிறகு, தினமும் பத்து மணிக்கு அங்கே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். சைக்கிளை மிதித்தால் விளக்கு எரியும். கப்பியில் கயிற்றைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளலாம். ஒரு கண்ணாடி ஆளைக் குட்டையாக்கும், இன்னொன்று நெட்டையாக்கும். எலும்புக்கூடு ஒன்றும் உண்டு, அதன் பக்கம் நான் முதுகைக் காட்டி உட்காருவேன்.

கூடத்தின் வரவு செலவு எனக்கு மனப்பாடம். பெரியவர்களுக்கு இருபது ரூபாய் டிக்கெட், பிள்ளைகளுக்குக் கிடையாது. வருவதோ பிள்ளைகள். அரசாங்க மானியம் வந்துகொண்டே இருந்தது, அதாவது வரவில்லை. நன்கொடை தருபவர்கள் தங்கள் பெயர் எழுதிய மின்விசிறி தருவார்கள். ஓடுவதற்கு ஆகும் கரண்டுக்கு யாரும் பெயர் எழுதித் தருவதில்லை.

செலவில் பெரியது சனிக்கிழமை வண்டி. பழைய வேன் ஒன்றில் பூதக்கண்ணாடி, காந்தம், தொலைநோக்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு, கூடம் வரை வர முடியாத பிள்ளைகளிடம் நாங்களே போவோம். தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், அவர்களின் பிள்ளைகள். முன் சீட்டு எனக்கு. ஒருமுறை கண்ணாடி வழியாக எறும்பின் காலைப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி, "இத்தன முடியா? இதுக்கெல்லாம் ஆருங்க எண்ணெ தேச்சு உடறது?" என்று கேட்டாள். டீச்சர் தானும் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குப் பிறகு நானும் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட நான் விட்டதில்லை.

அப்படியிருக்க, புரட்டாசியில் கூடிய கமிட்டியில் பொருளாளர் எழுந்து, கார்த்திகையோடு வண்டியை நிறுத்திவிடலாம் என்றான். டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் அதற்குமேல் பணமில்லை. பொருளாளர் என் ஐந்து பிள்ளைகளில் ஒருத்தன். எது என்று சொல்லமாட்டேன். அன்று இரவு அவனுக்கு ரசம் மட்டும்தான் ஊற்றினேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. சைக்கிளுக்கு, கப்பிக்கு, தொலைநோக்கிக்கு, வேனுக்கு என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எலும்புக்கூட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. காசுப் புனலுக்கும் வைத்து, ஒரு செவ்வந்தி மாலையும் சுற்றினேன்.

அந்தப் புனல் நடுக்கூடத்தில் இருக்கிறது. எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரிதான், ஆனால் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அகலம், கறுப்பு நிறம். விளிம்பில் காசை நிறுத்தி உருட்டிவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே போகப் போக வேகம் கூடும். கடைசியில் விர்ரென்று சுழன்று நடு ஓட்டையில் விழும். சூரியனைக் கோள்கள் சுற்றுவதைக் காட்ட வைத்தது என்று பலகையில் எழுதியிருக்கிறது. அடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. அதில் விழும் காசு சனிக்கிழமை வண்டிக்கு. வாரத்துக்கு ஒரு டீச்செலவு அளவுக்கு விழும்.

பூஜை முடிந்த வாரத்தில் மற்றவற்றின் பொட்டையெல்லாம் கூட்டுகிறவள் துடைத்துவிட்டாள். புனல் என் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் பார்க்க அதைத் துடைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போது ஒரு நாள், பொண்ணைக் கட்டிக்கொடுக்கும் கவலையில் இருந்த ஒரு அம்மா, மழைக்கு ஒதுங்கியவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். புனலைப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்றாள். பலகையை நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவள் போய்விடுவாள். தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. "போட்டுப் பாருங்க. நல்லா நின்னு சுத்துனா நல்லதுங்க" என்றேன்.

பதினைந்து நாளில் அவள் மூன்று உறவுக்காரப் பெண்களோடு வந்தாள். மகளுக்கு இடம் அமைந்துவிட்டதாம்.

"எத்தன சுத்து சுத்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பதினஞ்சு எண்ணுனேன். அதுக்கு மேல கண்ணு தண்ணி கட்டிக்கிச்சு."

அன்றிலிருந்து பதினைந்து என்பது சட்டமாகிவிட்டது. பதினைந்து சுற்றினால் நடக்கும், குறைந்தால் மறுபடி போட வேண்டும். செவ்வாய், வெள்ளிகளில் வரிசை நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். எல்லோரும் டிக்கெட் வாங்கினார்கள், ஒருத்தரும் சைக்கிளை மிதிக்கவில்லை. நான் என் நாற்காலியில் இருந்தேன். யாரிடமும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டி நிறைந்தது. பொருளாளர் அதைத் தூக்க இரண்டு கையும் போட்டான்.

"அம்மா, வண்டி மாசி வரைக்கும் ஓடுமுங்க. இன்னொரு புனல் வாங்கிப் போட்டுர்லாமா?"

அன்று அவனுக்குக் குழம்பும் கிடைத்தது.

இதெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. பூஜை முடிந்ததுமே மகளின் பிரசவத்துக்கு எர்ணாகுளம் போயிருந்தார். திரும்பி வந்து ஆட்டோவில் இறங்கியவர், வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்து பார்த்தால், புனலில் ஏதோ அடைத்துக்கொண்டு காசு இறங்காமல் நின்றிருந்தது. பெட்டியைத் திறந்து குச்சியால் குத்தினோம். வெள்ளியில் செய்த இரண்டு கண்மலர் விழுந்தன. கண் சரியாக வேண்டும் என்று அம்மன் உண்டியலில் போடுவார்களே, அது. அதோடு மஞ்சள் துணியில் முடிந்த காசுகள்.

டீச்சர் கண்மலரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அம்மே, இது ஞான் சம்மதிக்கில்லா" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் ஒரு வாக்கியம் தள்ளித்தான் வரும்.

"நாம ஆரையும் கேக்கலயே டீச்சர். அவியளா போடறாங்க."

"கோள் சுத்தறதைக் காட்ட வெச்ச இடத்துல கல்யாணத்துக்குக் காசு வாங்கினா, சனிக்கிழமை அந்தப் பிள்ளைங்க முன்னால நான் எப்படிப் போய் நிக்கறது?"

"அந்த வண்டியே இந்தக் காசுலதானுங்க போவுது. அப்பறம், கோளுங்கறது நவக்கிரகந்தானுங்களே. நீங்களேதான எழுதி வெச்சிருக்கறீங்க."

"பலகையில எட்டுதான் இருக்கு."

"ஒண்ணு எங்கீங்க போச்சு?"

பொருளாளர் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. "பொட்டு வெச்சது நீங்க. எடுக்கறதும் நீங்கதான். நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அலுவல் அறைக்குள் போய்விட்டார்.

மூன்று நாள் நான் எடுக்கவில்லை. எடுத்தால் வண்டி நிற்கும். அது ஒரு பாதி. மறுபாதியையும் எழுதிவிடுகிறேன். இத்தனை பேர் வந்து என்னைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவது எனக்குப் பிடித்திருந்தது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. வரிசையில் ஒரு சின்ன வயதுப் பெண் நின்றாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோப்பில் தென்னை மட்டை பின்னுகிறவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதமாகப் போனும் இல்லை, ஆளும் இல்லை. அவள் முறை வந்ததும் காசை எடுக்கவில்லை. மூக்குத்தியைக் கழற்றப் பார்த்தாள். திருகு இறுகிப்போயிருந்தது. என்னிடம் வந்து முகத்தை நீட்டினாள்.

"கொஞ்சம் திருகி உடுங்க ஆத்தா."

என் விரல் அதன்மேல் போய்விட்டது. பழக்கதோஷம், யார் கேட்டாலும் செய்துவிடுவேன். திருகு அசையும்போது அவள் கேட்டாள்:

"ஏனுங்க ஆத்தா, இது காசாட்டம் வட்டமா இல்லியே. பதினஞ்சு சுத்து சுத்துமுங்களா?"

அவள் உடம்பில் இருந்த பொன் அது ஒன்றுதான். எனக்குக் கை நின்றுவிட்டது. திருகை மறுபடி இறுக்கிவிட்டு எழுந்தேன். முட்டி வலியால் எழுவதற்கே கொஞ்சம் நேரம் ஆனது. அதற்குள் கூடம் முழுக்க என்னைப் பார்த்தது.

"இது சாமி இல்ல அம்மிணி" என்றேன். "பொட்டு வெச்சது நானு. ஆயுத பூசைக்கு சைக்கிளுக்கு வெச்சேன், வேனுக்கு வெச்சேன், இதுக்கும் வெச்சேன். எதுக்குன்னு கேட்டவிங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல மானக்கேடா இருந்துச்சு. நல்லதுன்னு சொல்லிப் போட்டேன். பதினஞ்சு சுத்துங்கறதும் பொய்யி. எல்லாந் தெரிஞ்சுதான் வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்."

யாரோ விட்ட காசு ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது விழுகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்ப நா போட்ட அஞ்சு ரூவா?" என்றார் ஒரு பெரியவர்.

"அது பசங்க வண்டிக்கு டீசலாப் போச்சுங்க."

"போச்சாது போ" என்றார், போனால் போகிறது என்பதுபோல் கையை வீசி.

மகளுக்கு இடம் அமைந்த அம்மாவும் அன்று வந்திருந்தாள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப என்ற புள்ளைக்கு அமைஞ்சுது?"

"உன்ற புள்ள லட்சணத்துக்கு அமைஞ்சுது. அந்தப் பேரக் கொண்டாந்து இந்தப் புனலுக்கு எதுக்குக் குடுக்கற?"

சிரிப்பு எழுந்தது. நான் முந்தானையை நனைத்து விளிம்பைத் துடைத்தேன். இரண்டு மாதத்துச் சந்தனமும் குங்குமமும் மஞ்சளும், எனக்குப் பிறகு வந்தவர்கள் அப்பியதும் சேர்ந்து, ஏடு ஏடாக உரிந்து வந்தது. துடைத்து முடித்ததும் அந்தப் பெரியவர் சும்மா இருக்காமல் இன்னொரு ஐந்து ரூபாயை விட்டார். எல்லோரும் பழக்கத்தில் எண்ணினார்கள். இருபத்திரண்டு.

"பொட்டு இருக்கையில பதினாறத் தாண்டுனதில்லீங்களே" என்றார், ஏமாற்றிவிட்ட மாதிரி என்னைப் பார்த்து.

அறைக்குள்ளிருந்து டீச்சர் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. "தூள் காசைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு" என்றார். "வழுவழுன்னு இருந்தா அதிகம் சுத்தும். பத்து ரூபாய விட்டுப் பாருங்க. அப்புறம் ஒத்த ரூபாய." அவ்வளவுதான். வேண்டுதலுக்கு வந்தவர்கள் நனைந்த காசு, தேய்ந்த காசு, பெரிய காசு என்று மாற்றி மாற்றி விட்டுப் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் கதவடைக்கும் வரை ஒருத்தரும் கிளம்பவில்லை.

மூக்குத்திக்காரி மட்டும் ஓரமாக நின்றாள். பொருளாளரைக் கூப்பிட்டு, அவள் புருஷன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியைக் கேட்டுத் தெரிந்து போன் போடச் சொன்னேன். ஐந்தாவது போனில் ஆள் அகப்பட்டான். போன் சாக்கடையில் விழுந்துவிட்டதாம், நம்பர் மறந்துவிட்டதாம். அவள் நடுக்கூடத்தில் நின்று அவனை வாங்கிய வாங்கு இருக்கிறதே, எங்கள் கூடத்தில் நடந்த பொது நிகழ்ச்சிகளில் அதற்குக் கூடிய கூட்டம் வேறு எதற்கும் கூடியதில்லை.

அதற்குப் பிறகு பெட்டி இளைத்துவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. வண்டி இப்போது ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமைதான் போகிறது. மாசியில் நின்றுவிடும் என்று பயந்தோம், வைகாசியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்மலர்களைக் கேட்டு யாரும் வராததால் அம்மன் கோயிலில் சேர்த்தோம். டீச்சர் அதற்கும் ரசீது வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறார்.

இப்போது கூடத்தின் வருட அறிக்கை அச்சாகப் போகிறது. அதில் டீச்சர், 'போதிய விளக்கம் இல்லாததால் பார்வையாளர்களிடம் ஒரு தவறான எண்ணம் ஏற்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். என் மரியாதைக்காக அப்படி எழுதினாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்படுத்தியவள் யார் என்று எழுதாவிட்டால், நீக்கியவள் யார் என்பதும் இல்லாமல் போய்விடும். நானே எழுதித் தருகிறேன் என்று வாங்கிவந்தேன். அரைப் பக்கம் கேட்டார், நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது.

எழுதியதை நானே வாசிக்க உட்கார்ந்தால் இன்னொரு வாரம் ஆகும். பேத்தி காலேஜிலிருந்து வந்துவிட்டாள்.

"கண்ணு, கையக் கழுவிப்போட்டு வந்து இத மொதல்லருந்து படி பாக்கலாம். உங்கொப்பனுக்கு ரசம் ஊத்துனத வேணும்னா மெல்லப் படி. நா எந்திரிச்சு நின்னு சொன்னேன் பாரு, அந்த எடத்த மட்டும் நாலு ஊட்டுக்குக் கேக்கறாப்புல படி."