தொடக் கூடாத ஒரு ‘நீ’

சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அக்காவின் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே பிரேக் கிடையாது. பல வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்புக்கெல்லாம் மிதித்து மிதித்து, இப்போது தப்பு என்று எது கண்ணில் பட்டாலும் கால் தானாக அமுங்குகிறது. பயிற்சிப் பள்ளியில் அவள் பெயரே ‘பிரேக் அக்கா’தான். இன்று மிதிப்பது எடிட்டரின் பென்சில் குறிகளுக்காக.

ஆமாம், நாவல் எழுதியிருக்கிறாள். பாடங்களுக்கு நடுவே, நிறுத்திய காருக்குள், மடியில் அட்டையை வைத்து எழுதியது. லாண்டரி நடத்தும் ஒருத்தியும் அவள் புருஷனும்தான் கதை. பதிப்பகம் அதை அனுபவசாலியான ஓர் எடிட்டர் அம்மாவிடம் கொடுத்தது. அவர் திருப்திப்பட்டால்தான் புத்தகம். “நல்லா இருக்குன்னு சொல்ல நீங்கல்லாம் இருக்கீங்க. நல்லா இல்லாததைச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?” என்று வீரமாகச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் அத்தியாயம் முழுக்க மழைதான், தூக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார் எடிட்டர். எனக்கே வலித்தது. அக்கா அசரவில்லை. “கியர் விழறதுக்கு முன்னாடி அவ்வளவு உறுமல் எதுக்கு? சரியாத்தான் சொல்றாங்க.” நாலாம் அத்தியாயத்தில் செத்த பெரியப்பா ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்து காபி கேட்கிறாராம். விழுந்து விழுந்து சிரித்தாள். “பாவம் மனுஷன், தாகம் போல.” பிறகு அவரைத் தேடித் தேடி மறுபடி கொன்றாள். “வரிக்கு வரி படிச்சிருக்காங்கடி” என்று பெருமை வேறு. திட்டு வாங்கிப் பூரித்துப்போகும் பிறவியை இப்போதுதான் பார்க்கிறேன்.

கடைசிக் குறிப்பில்தான் முகம் மாறியது. கதாநாயகி பாதிக் கதைவரை புருஷனை ‘நீங்க’ என்கிறாள். அப்புறம் ‘நீ’ என்கிறாள். கடைசிப் பக்கத்தில் மறுபடி ‘நீங்க’. “கவனக்குறைவு. முழுக்க ‘நீங்க’ என்றே திருத்தவும்.”

அக்கா புரட்டினாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் புருஷனுக்கு அவள் உடம்பு துடைத்துவிடும் இடத்தில் முதல் ‘நீ’ வந்திருந்தது. “நான் மாத்தலடி. சத்தியமா எனக்குத் தெரியாது. அவளே மாத்திக்கிட்டா.” மேஜையில் எங்களோடு இருந்த மாமா, அக்காவின் வீட்டுக்காரர், மெல்ல என் பக்கம் சாய்ந்து, “உங்க அக்கா என்னை எப்போலேருந்து ‘நீ’ங்கறா?” என்று கேட்டார். கல்யாணத்தன்றைக்கே என்றேன்.

“வம்பு பண்ணாதேக்கா, சொன்னபடி திருத்திடு. புத்தகம் வரட்டும்.” என் பேச்சை எங்கே கேட்டாள்? எடிட்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“மேடம், மழை போயிடுச்சு, பெரியப்பாவும் போயிட்டார். இந்த ‘நீ’யை மட்டும் தொட மாட்டேன். உடம்பு துடைச்சுவிடறவளுக்கு ‘நீங்க’ன்னு வாய் வராது.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “சரி, நெருங்கிட்டா. அப்போ கடைசியில மறுபடி ‘நீங்க’ எதுக்கு? மரியாதை திரும்பி வந்துடுச்சா?”

“அவளுக்குத் தெரியாம வீட்டை வித்துட்டானே, மேடம். அது மரியாதை இல்ல. இனிமே அவன் அவளுக்கு யாரோ.”

மறுபடி தாள் புரண்டது. புத்தகம் போச்சு என்றே நான் முடிவுகட்டினேன்.

“நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்” என்றார் எடிட்டர். “ஆனா நடுவுல, அவங்க கடையில சண்டை போடற இடத்துல, கை தவறி ஒரு ‘நீங்க’ விழுந்திருக்கு பாருங்க. அதை எடுத்துடுங்க. அப்பதான் கடைசி ‘நீங்க’ சுருக்குன்னு தைக்கும்.”

அக்கா உடனே அந்த வரியைத் தேடி அடித்துத் திருத்தினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அக்கா எழுதிய ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

வாசலில் பாடத்துக்கு வந்தவர் ஹாரனை அடித்தார். யாரையும் காக்கவைத்தறியாதவள், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ‘இருங்க’ என்று காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தை எடுத்து எங்களுக்கு உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.