அண்ணி கழற்றச் சொன்ன வளையம்

பதினொரு வருடம், பத்து பெரண்டாம் என்ற ஊரில், என் கணவரின் அக்கா வீட்டில் குடியிருந்தோம். அண்ணி என்று நான் கூப்பிடும் அவர் நல்லவர்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் திரைச்சீலை என்ன நிறம், தீபாவளிக்கு எந்தப் பலகாரம், எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். போன வருடம் பாயா ரும்புட்டில் எங்களுக்கென்று ஒரு வீடு அமைந்தது. முதல் தீபாவளிக்கு என் கதவில் நானே செய்ததைத்தான் மாட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் வருடக் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் கதவில் பச்சை இலையில் கட்டிய ஒரு வட்டம் மாட்டுவார்கள். அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. தீபாவளிக்கு முதல் நாள், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் மூன்று முழம் வெட்டி, வளைத்து, முனைகளைச் சேர்த்து டேப் சுற்றினேன். மாவிலையை மடித்து மடித்துக் கட்டி, பாசாரில் வாங்கிய மஞ்சள் சாமந்தியையும் வெள்ளைச் சாமந்தியையும் நெருக்கமாக வைத்து நூலால் இறுக்கினேன். விரலெல்லாம் சிவந்துவிட்டது. மாட்டிவிட்டுத் தெருவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அடேயப்பா, என் கதவா இது!

மத்தியானம் அண்ணி முறுக்கு டின்னோடு வந்தார். கேட்டைத் தாண்டவில்லை, அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, என்னாம்மா இது? நல்ல நாளும் அதுவுமா கதவுல மலர்வளையத்த மாட்டி வச்சிருக்க? யாரு செத்தா இங்க?"

திரும்பிக் கதவைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வட்டமாகக் கட்டிய பூவை நாம் சவப்பெட்டியின் மேல்தானே பார்த்திருக்கிறோம்? போதாக்குறைக்கு வெள்ளைச் சாமந்தி வேறு. இது எப்படி என் மண்டையில் ஏறாமல் போயிற்று?

"கழட்டிரு லா, அக்காதான் சொல்லுதே" என்றார் என் கணவர்.

"கழட்டித் தூக்கிப் போடு. நாளைக்கு நானே ஒரு பிளாஸ்டிக் தோரணம் கொண்டாந்து மாட்டிவிடுறேன்" என்று அண்ணி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் கலக்கம் போய்க் கோபம் வந்தது. இந்த வீட்டிலும் அவர் தோரணமா?

"ஒன்னும் வேணாம் அண்ணி. நாளைக்கு வந்து பாருங்க."

சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். அண்ணி முறைத்துவிட்டுப் போனார்.

கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தேன். சாவு வீட்டு வளையத்தின் நடுவில் வெறும் ஓட்டை. அதை அடைத்தால் என்ன? வாசல் கோலத்துக்குச் சாயம் போட்டுக் காயவைத்த அரிசி தட்டுத் தட்டாக இருந்தது. உடைந்த அலமாரியின் மெல்லிய பலகையை வட்டமாக அறுத்து வளையத்தின் பின்னால் கட்டினேன். வெள்ளைப் பூவையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிவப்பு ரோஜாவைச் செருகினேன். பலகையில் பசை தடவி, வண்ண அரிசியைத் தூவித் தூவி எட்டு இதழ்த் தாமரைக் கோலம் போட்டேன். கீழ் விளிம்பில் மாவிலையை வரிசையாகத் தொங்கவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கோலம் கதவில் ஏறிவிட்டது.

மறுநாள் வந்த ஒருத்தரும் நேராக உள்ளே வரவில்லை. வாசலிலேயே போன், படம், சிரிப்பு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா மாமியாரையும் கூட்டிவந்து காட்டினார்.

பத்து மணிக்கு அண்ணி வந்தார். கையில் தோரணப் பை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், ஒரு விரலால் அரிசியைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நீங்க திட்டுன திட்டுதான்."

"வாயி ரொம்ப நீண்டு போச்சு ஒனக்கு" என்றவர், பையை என் கணவர் கையில் திணித்தார். பிறகு கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க வீட்டுக்கும் ஒன்னு செஞ்சி குடு. கலரெல்லாம் என்னைய கேக்காத. ஒனக்கு எது பிடிக்குதோ அதையே போடு."

"சரி அண்ணி" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஐம்பது வயதில், புதுப் புடவையோடு, எம்பி எம்பிக் குதித்தேன்.