எல்லாமே இடது கை

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கடுக்காக விரித்த துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற மின்கத்தி அவர் பொறுப்பில் இருந்தது. இருபத்திரண்டு வருடங்களில் வேறொருவர் அதைத் தொட அவர் விட்டதில்லை.

வலது தோளில் வலி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில், புரண்டு படுத்தால் சுருக்கென்று குத்தி எழுப்பிவிடும். பிறகு வலி எழுப்பாத இரவுகளிலும், எங்கே எழுப்பிவிடுமோ என்ற பயத்திலேயே விழித்துக் கிடந்தார். தூங்காமல் எழுந்த நாளில் பனியன் உரசினாலே தோள் எரிந்தது. வலியால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டு வலி ஏறியதா என்று அவருக்கே பிடிபடவில்லை.

தொழிற்சாலை டாக்டரிடம் தோளை மட்டும் காட்டினார். தூக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தூக்கம் கெட்டவர் கையில் கத்தியைத் தருவதில்லை என்பது அங்கே விதி. மனைவி கேட்டபோதும், எனக்கென்ன, கட்டை மாதிரி கிடக்கிறேன் என்று சொல்லிவைத்தார். அசையாமல் கிடந்த அளவில் அது உண்மைதான்.

ஒரு திங்கட்கிழமை, ஒரு பக்கம் மட்டும் பூப்போட்ட துணி வந்தது. அந்த மாதிரித் துணியில் சட்டையின் ஒரு கைக்கு அளவு அட்டையை வைத்து வரைந்த பின், மறு கைக்கு அதைப் புரட்டி வைத்து வரைய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பாடம் அது. மாஸ்டர் புரட்டவில்லை. கத்தி என்னவோ கச்சிதமாகத்தான் ஓடியது. மதியம் தையல் வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

“என்ன மாஸ்டர், ரெண்டு பக்கமும் இடது கை இருக்கிற ஆளுங்களுக்கா ஆர்டர்?” என்றாள் கை பொருத்துகிறவள்.

அவரும் சிரிக்கப் பார்த்தார். மேற்பார்வை பார்க்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மகள் வயதுதான் இருக்கும். வெட்டு மேசைக்கு வந்து, அவருடைய சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தூங்கி எத்தனை நாளாச்சு, மாஸ்டர்?”

மழுப்பியிருக்கலாம். துணி கொஞ்சம் வீணானது, அவ்வளவுதான் என்றால் கத்தி அவரிடமே தங்கியிருக்கும். ஆனால் அடுத்த தடவை வெட்டுப்படுவது, எதிரே துணியைப் பிடிக்கிறவரின் விரலாக இருக்கலாம். அது தெரியாத ஆளில்லை அவர்.

“நல்லாத் தூங்கி ரெண்டு வருஷமாச்சும்மா. யாருகிட்டயும் சொல்லல.”

“நான் எழுதிக் குடுத்துத்தான் ஆகணும்.”

“எழுதும்மா.”

மறுநாள் முதல், தைத்த சட்டைகளில் பிசிர் நூல் வெட்டும் மேசை என்று முடிவாயிற்று. விரலுக்குக் காவலாக இடது கையில் மாட்டியிருந்த கம்பிவலை உறையைக் கழற்றப் போனார். மணிக்கட்டு வார் அவிழவில்லை. அவள் உதவிக்குக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முயன்றார். பிறகு மணிக்கட்டை அவள் பக்கம் நீட்டி, அவள் கழற்றி முடிக்கும்வரை எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.