கண் உயரத்தில் லேசர்

கல்யாணப் படம் எடுப்பவளின் வேலையில் பாதி பின்னோக்கி நடப்பது. பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது நான் அவர்களைப் பார்த்தபடி, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தில் பின்னாலேயே போவேன். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. மலேசியாவின் கிள்ளானில் பல வருடங்களாக இப்படித்தான் பிழைக்கிறேன். கேக் மேசையில் இடித்துக்கொண்டிருக்கிறேன். உறுமி மேளக்காரர் ஒருவரின் காலை மிதித்து நல்ல வசவும் வாங்கியிருக்கிறேன். எதற்கும் பயந்ததில்லை. போன வருடம் ஒரே ஒரு டின்னரில் மட்டும் பயந்தேன்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாண விருந்து அது. தாலி கட்டு காலையில் கோயிலில் முடிந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் ஆறு வயது மகள்தான் பூத்தட்டு ஏந்தி முன்னால் நடக்க வேண்டும் என்று அவளே வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் மகள் நடந்துகொண்டே இருந்தாள். நான் கேமராவோடு முன்னால் போகாவிட்டால் நடக்க மாட்டாள். அவளுக்கு நான் பழக்கிய ஒரே ஒழுங்கு அது. அம்மா கேமராவைத் தூக்கினால் கேமராவைப் பார்க்க வேண்டும். வேறு எந்தப் பேச்சையும் கேட்காத பிள்ளை இதை மட்டும் கேட்கும்.

பிற்பகலில் மண்டபத்துக்குப் போனேன். மேடையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பெட்டிகளில் லேசர் விளக்குகளை வைத்திருந்தார்கள். அவற்றையும் புகையையும் பார்த்துக்கொள்பவர் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்திருந்தார். வாயில் எப்போதும் சூயிங்கம், கையில் எப்போதும் போன். அவர் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வாசல் பக்கத்திலிருந்து மேடையை ஒரு படம் எடுத்தேன். பச்சை ஒளி ஒன்று என் கேமராவைக் குறுக்கே தடவிக்கொண்டு போனது. அவ்வளவுதான். திரையில் மேலிருந்து கீழ்வரை நூல் போல ஒரு இளஞ்சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அணைத்துப் போட்டேன், கோடு போகவில்லை. லென்ஸை மூடிப் பார்த்தேன். கும்மிருட்டிலும் கோடு நின்றது. கேமராவின் கண் வெந்துவிட்டது.

லேசர் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. நான் ஆல்பம் அச்சிடக் கொடுக்கும் லேபில் படத்தைத் தாளில் வரைவதே சிவப்பு, பச்சை, நீல லேசர்கள்தான். லிட்டில் இந்தியா நகைக்கடையில் என் அறுந்த சங்கிலியை லேசரால்தான் ஒட்டிக் கொடுத்தார்கள், ஒட்டிய இடம் இன்றுவரை எனக்கே தெரியாது. சர்க்கரை நோயால் மங்கிக்கொண்டு வந்த என் அம்மாவின் கண்ணைக் காப்பாற்றியதும் லேசர்தான். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கண் டாக்டர் அம்மாவின் முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, அசையக்கூடாது என்று அதட்டி, அளந்து அளந்து சுட்டார். துணைக்கு நின்ற எனக்குக்கூடப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். இங்கே அதன் உறவுக்கார வெளிச்சம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அன்று அந்த டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. சாதாரண விளக்கின் வெளிச்சம் போகப் போகப் பரவிவிடும். லேசர் அவ்வளவாகப் பரவாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அதை அப்படியே திரட்டி, ஊசி முனை அளவு இடத்தில் இறக்கிவிடும். கேமராவுக்கும் அதே கதைதான். கேமரா போனால் வேறு வாங்கலாம்.

விளக்குக்காரரிடம் நேரே போனேன்.

"பாஸ், உங்க லைட்டு என் கேமராவ சுட்டுருச்சு. ஆளுங்க மூஞ்சி உயரத்துல வருது. மேல தூக்குங்க."

"அக்கா, இது சும்மா ஷோ லைட்டுலா. எத்தன டின்னர் பண்ணிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"என் கேமரா சொல்லிருச்சே."

"கேமரா சென்சிட்டிவ்கா. கண்ணுன்னா டக்குன்னு மூடிக்கும்."

"மொதல்ல நடந்து வரப்போறது என் புள்ள."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். நல்ல மனிதர்தான். ஏணியைப் போட்டு ஏறி இரண்டு பெட்டிகளையும் நிமிர்த்தினார். நான் வாசலில் நின்று கையை உயரத் தூக்கிப் பார்த்தேன். ஒளி என் விரல்களுக்கும் மேலே, கூரைப் பக்கமாகப் போனது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"என்னம்மா, மேல போவுது? நான் பாத்த வீடியோல ஜனங்களுக்கு நடுவுலல்ல வந்துச்சு?"

"கண்ணுக்கு ஆபத்து அங்கிள்."

"ஒரு பாட்டு நேரந்தானே! நீ எதுக்கெடுத்தாலும் ரொம்ப யோசிக்கிற."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார். கோபக்கார மனிதர் இல்லை. ஒரே மகளின் கல்யாணம், ஊரே பேச வேண்டும் என்ற ஆசை. நான் ஒப்பனை அறைக்குப் போய்ப் பெண்ணிடமும் சொன்னேன். லேசர் முகத்துக்கு வந்தா நேரா பாக்காத, கீழ பாரு என்றேன். செயற்கை இமைமுடி ஒட்டிக்கொண்டிருந்ததால் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கீழ பாத்துகிட்டு நடக்குறதுக்காக்கா இவ்ளோ மேக்கப்பு?" என்றாள்.

ஒப்பனைக்காரப் பெண் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பெட்டிகளைத்தான் தூக்கியாகிவிட்டதே.

விளக்குகள் அணைந்தன, கதவு திறந்தது, உறுமி அதிர்ந்தது. இரண்டாவது கேமராவைத் தோளிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். புகைக்குள் முதலில் என் மகள். வெள்ளைக் கவுன், தலையில் மல்லிகை, கையில் தட்டு. அவளுக்குப் பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தோளை ஆட்டினார், ஜனங்கள் விசிலடித்தார்கள். என் தலைக்கு வெகு மேலே பச்சை ஒளி போய்க்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பாதி வழியில் பாட்டு வேகமெடுத்தது. மகளின் கவுனில் பச்சையாக ஏதோ ஊர்ந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அடுத்த கணம் அது பூத்தட்டுக்கு ஏறியது, அங்கிருந்து நழுவிக் கம்பளத்துக்குப் போனது, மறுபடி ஏறியது. பெட்டி நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் தாளம் ஏற ஏற ஒளியே மேலும் கீழுமாக வீசிக்கொண்டிருந்தது. என் மகள் எப்போதும் போல இமைக்காமல் கேமராவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேமரா என் முகத்தருகே இருந்தது. அதற்கு நேர் பின்னால் அந்தப் பெட்டி.

கத்தினால் கேட்காது. ஓடிப்போய்த் தூக்கலாம் என்றால், நான் கேமராவை ஒதுக்கிய உடனே அது எங்கே என்று தேடித் தலையைத் தூக்குவாள். அவளை எனக்குத் தெரியும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைத்தான் இறக்க வேண்டும். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கேமராவைக் கம்பளத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வாத்து மாதிரி பின்னாலேயே நகர்ந்தேன். அவள் முகமும் கேமராவோடு சேர்ந்து குனிந்தது. தலை மல்லிகையின் மேல் ஒளி பட்டுப் பச்சையாகிப் போனது. போகட்டும். பூவுக்குக் கண் இல்லை.

சுற்றிலும் சிரித்தார்கள். நாலைந்து பேர் போனைத் தூக்கி என்னையே படம் எடுத்தார்கள். முட்டி இரண்டும் விண்டுவிடும் போல வலித்தது. கேமரா வழியாகப் பார்த்தபோது பெண்ணும் குனிந்துதான் வந்தாள், என் கேமரா எங்கே இருக்கிறதோ அங்கே பார்த்து. அப்படியே வந்துவிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மேடைக்குக் கிட்டே வந்ததும் அவளுடைய அப்பாவின் குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவரும் போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலைய தூக்கும்மா! எல்லாரும் பாக்குறாங்க, சிரி!"

"வேணாம், தூக்காத!" என்று நான் கத்தினேன். உறுமியில் அது எனக்கே கேட்கவில்லை. அவள் அப்பா சொன்னபடி தலையைத் தூக்கினாள். பச்சை ஒளி அவள் முகத்தைக் கடந்தது. ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள், உடனே சரிசெய்துகொண்டு அழகாகச் சிரித்தாள். என் விரல் பட்டனை அழுத்தியது. பழகிய விரல், நம்மைக் கேட்டுக்கொண்டா செய்கிறது? அன்று நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான்.

கம்பளம் முடிந்தது. மகளை வாரி எடுத்து முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு விளக்குக்காரரிடம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் அணைத்துவிட்டார்.

"ஆட்டோல இருந்துச்சுக்கா. பாட்டுக்கு ஏத்த மாதிரி அதுவே ஆடும். மாத்த மறந்துட்டேன், சாரிக்கா."

மூன்று மொழியிலும் திட்டினேன். திட்டுவதற்கு மலாய் கொஞ்சம் வசதியாக இருந்தது.

அன்றிரவு படுக்கப் போகும் முன்பு நுழைவுப் படங்கள் சிலவற்றைப் பெண்ணுக்கு அனுப்பினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் மகளைப் பிரிக்பீல்ட்ஸ் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியக் காத்திருந்து, இரண்டு கண்ணுக்குள்ளும் நிதானமாகப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகளின் பெயர் எல்லாம் தீர்ந்துவிட்டது.

"சுத்தமா இருக்கும்மா. ஒண்ணும் இல்ல," என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மகளுக்கு எரிச்சல்.

"எனக்குத்தானே மருந்து ஊத்துனாங்க? நீ ஏம்மா அழுவுற?"

காரில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. கல்யாணப் பெண்.

"அக்கா, படம் பாத்தேன். ஏன்கா எல்லாத்தையும் கீழருந்து எடுத்துருக்கீங்க? எனக்கு ரெண்டு தாடை தெரியுது!"

வாய்விட்டுச் சிரித்தேன். முந்தின நாள் பிற்பகலுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன். நடந்ததை எல்லாம் சொல்லலாம் என்று ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள்.

"அது பரவால்லக்கா. ஒண்ணே ஒண்ணு. எல்லா படத்துலயும் அழுக்கு மாதிரி ஒரு புள்ளி இருக்கு. அத மட்டும் எடுத்துட்டு அனுப்புறீங்களா?"

வெந்துபோன கேமராவால் நான் ஒரு நுழைவுப் படம்கூட எடுக்கவில்லை. அதில் விழுந்ததும் கோடுதான், புள்ளி இல்லை. போனிலேயே படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"புள்ளி எங்க இருக்கு?"

"மூஞ்சிலக்கா. என் மூஞ்சிய பாத்தா என் மூஞ்சில இருக்கு. அவர பாத்தா அவர் மூஞ்சில. உங்க பாப்பா மூஞ்சிலயும் இருக்கு."

குரலை மாற்றாமல் பேசப் பார்த்தேன்.

"படத்த கீழ வையி. செவத்த பாரு."

அவள் வீட்டில் சொந்தக்காரர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரையோ உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி அவள் அப்பா வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

"செவத்துலயும் இருக்குதுக்கா," என்றாள்.

டாக்டர் இன்னும் உள்ளே இருக்கிறார், கண்ணைக் காட்டிவிடலாம், நான் இங்கேயே நிற்கிறேன், உடனே அப்பாவை வண்டி எடுக்கச் சொல்லிக் கிளம்பி வா என்றேன்.

"அப்பாகிட்ட என்னான்னுக்கா சொல்றது?" என்று கேட்டாள்.